கத்தரி வைப்பதற்கு முன்: ஒரு கைத்தையல் முகாமின் நிகழ்வு ஆய்வு

பொங்கல் கழிந்த மறுவாரம், கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் ஒன்பது பேர் நான்கு இரவுகள் தங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழந்துணிகளில் தங்கள் குடும்பக் கதை ஒன்றைக் கையால் தைத்தார்கள். தையல் இயந்திரம் கிடையாது. முடித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. முகாமை நடத்தியவர்கள் இருவர்: நெடுங்காலமாக எம்பிராய்டரி கற்பித்துவரும் என் தோழி, முதியவர்களிடம் வாய்மொழி வரலாறு கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் இருக்கும் நான். ஊசி அவர் பொறுப்பு, கதை என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாகப்பிரிவினை இரண்டாம் நாள் வரைகூடத் தாங்கவில்லை. முகாமில் எழுந்த மிகக் கடினமான கேள்வி கத்தரிக்கோலைப் பற்றியது. அது யார் பொறுப்பு என்று நாங்கள் யோசித்தே இருக்கவில்லை.

இந்த ஆய்வு அந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதப்படுகிறது. பங்கேற்றவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன; அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை அவர்கள் விருப்பப்படி மாற்றியிருக்கிறேன். மூவரின் கதைகளை மட்டும் விரிவாக எழுதக் காரணம், மற்றவர்கள் அனுமதி தரவில்லை என்பதன்று. அந்த மூவரிடம்தான் எங்கள் திட்டம் உடைந்தது.

அழைப்புக் கடிதத்தில் இருந்த பிழை

முகாமுக்கு ஒரு மாதம் முன்பு அனுப்பிய கடிதத்தில், "உங்கள் குடும்பத்தில் ஒருவர் உடுத்திய துணி ஒன்றைக் கொண்டுவாருங்கள், வெட்டினால் மனம் பதறாத துணியாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தோம். யாருடைய மனம் என்று அதில் சொல்லவில்லை. ஒரு வீட்டுத் துணிக்கு ஒருவர் மட்டும் உரிமையாளராக இருப்பதில்லை என்பது, தாயின் பீரோவைப் பங்கு பிரித்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம். நகைக்கும் நிலத்துக்கும் பத்திரம் எழுதுகிற நாம், புடவைகளை மட்டும் ஒரு பிற்பகலில், அழுகைக்கும் காப்பிக்கும் இடையே, "உனக்கு இது, எனக்கு இது" என்று பிரித்துக்கொள்கிறோம். அந்தப் பிரிவினையில் வாய் திறக்காமல் இருந்தவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார் என்று பொருளாகாது.

வந்தவர்களில் எட்டுப் பேர் பெண்கள், ஒருவர் ஆண்; வயது 26 முதல் 71 வரை. மாமியாரும் மருமகளுமாகக் கோவையிலிருந்து இருவர் சேர்ந்து வந்திருந்தார்கள். ஒரே போர்வையைத் தைக்கப்போவதாகச் சொன்னவர்கள், முதல் நாள் மதியமே ஆளுக்கொரு துணியாகப் பிரிந்து, அதன் பிறகு மிக நல்ல நட்போடு இருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பொருட்கள் எளியவை. அடித்தளமாக வெளுக்காத காடாத்துணி, ஆளுக்கு ஒரு கெஜம். அதை முன்பே வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கியிருந்தோம். ஏழாம் எண்ணிலிருந்து ஒன்பதாம் எண் வரை எம்பிராய்டரி ஊசிகள், ஆறு இழை கொண்ட பருத்தி நூல், குண்டூசி, விரலில் மாட்டும் திம்பிள், தையல் பிரிக்கும் சிறு கத்தி. பெரிய கத்தரிக்கோல் இரண்டே இரண்டு. செலவு கருதி அப்படிச் செய்தோம். பிறகு பார்த்தால், கத்தரி வேண்டும் என்று ஒருவர் எழுந்து வந்து கேட்க வேண்டியிருந்ததே பல துணிகளைக் காப்பாற்றியது.

ஒரு முழ நூல்

தோழியின் ஒரே கண்டிப்பு, நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, ஆறு இழைகளில் இரண்டைப் பிரித்தெடுத்துக் கோக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் துணியில் உராய்ந்து நூல் பிசிர் தட்டும். முறுக்கேறி முடிச்சு விழும். பழகாத கைக்கு ஒரு முழ நூல் தீரப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. தீர்ந்ததும் முடிச்சிட்டு, தலை நிமிர்ந்து, சன்னல் வெளிச்சத்தில் ஊசியின் காதைத் தேட வேண்டும்.

நான் காலையில் ஒரு மணி நேரம் மௌன வேளை என்று வைத்திருந்தேன். மௌனத்தில் நினைவு ஊறும், மதியம் அது பேச்சாக வரும் என்பது என் கணக்கு. மதியம் அனைவரையும் வட்டமாக உட்காரவைத்துக் கேட்டபோது, கேட்டதற்குப் பதில் வந்ததே தவிரக் கதை வரவில்லை. கதை வந்ததெல்லாம் நூல் தீர்ந்து அடுத்த நூல் கோக்கும் அந்த அரை நிமிட இடைவெளிகளில்தான். கண் ஊசியில் இருக்கும். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லத் தொடங்கியது பிடிக்கவில்லை என்றால் மறுபடி தையலுக்குள் போய்விடலாம். மூன்றாம் நாள் காலையில் மௌன வேளையையும் மதிய வட்டத்தையும் சேர்த்தே கைவிட்டேன்.

மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்குக் கண்புரை. ஊசி கோக்க முடியாது. பக்கத்தில் இருந்த 26 வயதுப் பெண்ணிடம்தான் ஒவ்வொரு முறையும் நீட்டுவார். கோத்துக் கொடுப்பதற்குக் கூலியாக ஒரு துண்டுக் கதை சொல்வார். அந்தப் பெண் தன் பாட்டியின் சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்திருந்தாள். ஆசிரியை, சிறுவயதில் தாயோடு உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் பலவற்றில் அது வீட்டு வேலையாக இருந்தது. புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், "இது கட்டினது இல்லம்மா, அச்சு" என்றார். துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்கினால், முடிச்சை அவிழ்த்த இடத்தில் சீரற்ற ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மெல்லிய சுருக்கமும் நிற்கும். புதிய புடவையில் அந்தச் சுருக்கத்தை விரலாலேயே உணரலாம். அச்சில் விழுந்த புள்ளிகள் ஒன்றுபோல் வட்டமாக, தட்டையாக இருக்கும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே, அச்சுச் சுங்குடி மலிவாகப் பரவிவிட்டிருந்தது. பெண் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். பாட்டி எதை வாங்கும் நிலையில் இருந்தாள் என்ற கேள்விக்கு அந்தப் புள்ளிகள் பதில் சொல்லிவிட்டன. அவள் தைத்ததும் அதைத்தான்.

மூன்று மரபுகள், மூன்று கத்தரிகள்

முதல் மாலை நான் சில படங்களைக் காட்டிப் பேசினேன். அப்போது அவற்றை ஒரே வகையாகக் கருதி, பழந்துணியில் வீட்டுக் கதை சொன்ன பெண்கள் என்று ஒரு கூடையில் போட்டிருந்தேன். கத்தரியை வைத்துப் பார்த்தால் அவை மூன்றும் வெவ்வேறு என்பது பின்னால்தான் புலப்பட்டது.

வங்காளத்துக் காந்தா, பெரும்பாலும் துணியை வெட்டுவதில்லை. உடுத்தி நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, முழுப் பரப்பிலும் ஓட்டுத்தையல் ஓட்டி இணைப்பார்கள்; வண்ண நூலையும் பழம்புடவைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது வழக்கம். கொல்கத்தாவின் ஜோக்கா பகுதியில் இருக்கும் குருசதய் அருங்காட்சியகத்தில், மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்து, தன் பெயரையும் அதிலேயே தைத்துவைத்த காந்தா ஒன்று இருக்கிறது. பழைய துணி அங்கே அடித்தளமாகக் கிடக்கிறது; கதை அதன் மேல் எழுதப்படுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அகப்பட்ட நிலமான ஜீஸ் பெண்டில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பினப் பெண்கள் செய்த ஒட்டுப்போர்வைகள் வேறு வகை. 1942இல் மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைப் பிரித்துத் துண்டாக்கி, மறைந்தவரின் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002 முதல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலுமாக அருங்காட்சியகங்களின் சுவரேறின. இங்கே கத்தரி வைக்காமல் எதுவும் தொடங்காது. ஆனால் வெட்டியவள் மனைவி, உடன் இருந்தவள் மகள். கேட்க வேண்டியவர்கள் அனைவரும் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

மூன்றாவது சிலியின் அர்ப்பியேரா. 1973 செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும், தேவாலயத்தின் ஆதரவில் கூடி, சாக்குத்துணியின் மேல் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த படங்கள் அவை. 1976 தொடக்கத்தில் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய விக்காரியா என்ற அமைப்பு, அவற்றை வாங்கி நாட்டுக்கு வெளியே அனுப்பியது. சிலவற்றில், காணாமல் போனவரின் சட்டைத் துண்டே படத்தில் வரும் அந்த ஆளின் சட்டையாக அமைந்தது. இங்கே அனுமதி கேட்க வேண்டிய ஆள் இல்லை. அவர் இல்லை என்பதுதான் கதையே.

இந்த மூன்றாவதைக் காட்டியபோது, திருச்சியிலிருந்து வந்திருந்த பெண்மணி எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அது என் தவறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிவகங்கைப் புடவை

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு வயது 54. அவர் கொண்டுவந்தது தாயின் கூறைப்புடவை: அரக்கு நிறப் பட்டு, கிளிப்பச்சைக் கரை, உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை. பழைய வேட்டியில் சுற்றி, இடையே காய்ந்த வேப்பிலை வைத்திருந்தார். மேசையில் விரித்தபோது, நடு மடிப்பு நெடுகிலும் பட்டு இற்றிருந்தது. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டுக்கு இது நேரும். இழைகள் மடிப்பின் முனையில் ஒவ்வொன்றாக முறிகின்றன, சரிகையின் கனம் அந்த முனையை இன்னும் இழுக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்து வேறு இடத்தில் மடித்து வைக்கச் சொல்வது அதனால்தான். எப்படியும் இரண்டாகப் போகிற புடவைதானே, அந்த மடிப்போடு வெட்டி முந்தானையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோழி சொன்னார். தொழில் நோக்கில் அது சரியான யோசனை.

அவர் கத்தரிக்கோலை வாங்கி, கீழ் அலகை மடிப்புக்கு அடியில் நுழைத்து, அப்படியே வெகுநேரம் இருந்தார். பிறகு, "இத அக்காவும் கட்டியிருக்கா" என்றார். அக்காவிடம் கேட்டீர்களா என்று யாரோ கேட்டார்கள். கேட்கவில்லை. தோட்டத்து நுழைவாயிலருகே மட்டும்தான் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும். அங்கே நடந்து போனார். காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் கழித்து வந்தவர், புடவையைச் சுருட்டி வேட்டிக்குள் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் சாப்பிடப் போனார்.

அக்கா சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னது மறுநாள் மதியம், மூன்றாவது நூல் கோக்கும்போது. "அது கூறைப்பொடவைன்னு ஒனக்கு யாருடி சொன்னா? கூறைய வித்துத்தான் ஒனக்குக் காலேஜு பீஸு கட்டுனாங்க" என்றாராம். கையிலிருந்த புடவை, பல ஆண்டுகள் கழித்து, தந்தையின் மணிவிழாவுக்கு அதே நிறத்தில் தேடி வாங்கியது. பழைய பட்டுப்புடவையை எடைபோட்டு வாங்கிக்கொண்டு போகும் ஆட்கள் அன்றும் தெருத்தெருவாக வருவார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தகடாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூசியது. பட்டை எரித்துவிட்டு வெள்ளியைப் பிரித்தெடுக்க அதற்கென்றே பட்டறைகள் உண்டு. கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை. அதனால் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க வழியில்லை. மகள் அதைக் கூறைப்புடவை என்று சொல்லும்போதெல்லாம் தாய் திருத்தவே இல்லை.

நான் இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புவது இது. எங்கள் நேரப் பட்டியலின்படி முதல் நாள் பிற்பகல் "வெட்டுதல்", இரண்டாம் நாளிலிருந்து "தைத்தல்". அவர் அதை அப்படியே பின்பற்றியிருந்தால், நான்காம் நாள் மாலை "அம்மாவின் கல்யாணப் புடவை" என்ற அழகான தையல் ஒன்று கிடைத்திருக்கும். அதில் இருந்திருக்கும் கதை நடந்ததாக இருந்திருக்காது. கதை வெளிவந்தது மெதுவாகத் தைத்ததால் என்று சொல்ல எனக்கு ஆசைதான், முகாமின் விளம்பரத்துக்கும் அது உதவும். ஆனால் வெளியே கொண்டுவந்தது அனுமதி கேட்டுச் செய்த ஒரு தொலைபேசி அழைப்பு. தையல் செய்தது, கேட்டதை ஒரு நாள் முழுவதும் வாயில் வைத்திருக்க அவருக்கு இடம் கொடுத்தது. அது சிறிய வேலையன்று. ஆனாலும் அது இரண்டாவது வேலை.

அவர் புடவையை வெட்டவில்லை. காடாத்துணியில், புடவைக் கரையின் இரண்டு விளிம்புகளை மட்டும் பச்சை நூலில் ஓட்டுத்தையலாக ஓட்டினார். இரண்டு கோடுகள், நடுவில் வெறும் காடா. உள்ளே ஏதாவது தைக்கலாமே என்று கோவை மாமியார் கேட்டதற்கு, "அதான் வித்தாச்சே" என்றார். அதைச் சொல்லிவிட்டு முகாமில் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆலைச் சட்டை

ஆண் பங்கேற்பாளர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், வயது 58. அவருடைய தந்தை விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் என்று ஊரார் சொல்லும் நூற்பாலையில் வேலை பார்த்தவர். பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை அது; பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் தொடக்கங்களில் ஒன்று. நாங்கள் கொடுத்த ஆங்கர் நூல்கண்டின் காகிதப் பட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது இதனால்தான். மதுரா கோட்ஸின் பெயரோடு நெடுங்காலம் விற்ற நூல்.

அவர் கொண்டுவந்தது தந்தையின் காக்கிச் சட்டை. தாயிடம் முன்பே கேட்டிருந்தார். "கிழிஞ்சதுதானல, எடுத்துட்டுப் போ" என்று அனுமதி வந்திருந்தது. இருந்தாலும் அவர் கத்தரியைத் தொடவில்லை. தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்து, மார்புப் பையை ஒவ்வொரு தையலாக அறுத்து எடுக்க ஆரம்பித்தார். ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. பை கழன்று வந்தபோது அதன் அடியில் வெயிலும் சோடாவும் படாத காக்கி, கெட்டியான தவிட்டு நிறத்தில், பை வடிவத்திலேயே நின்றது. சுற்றியிருந்த துணி ஏறக்குறைய வெளுத்த மண் நிறம். பையின் கீழ்மூலைத் தையலுக்குள் பழுப்பேறிய பஞ்சுப் பிசிர் ஒரு நெல்மணி அளவுக்கு இறுகியிருந்தது. அவர் அதைக் குண்டூசி முனையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நூல் கோக்காமலே வெகுநேரம் பேசினார்: தந்தையின் இருமல், இரவுப் பாளிக்கு, அதாவது இரவு ஷிப்டுக்கு, தூக்குச்சட்டி கொண்டுபோனது, சங்கு ஊதும் நேரத்தை வைத்து ஊரே கடிகாரம் பார்த்தது.

ஜீஸ் பெண்டு போர்வைகளிலும், பையைக் கழற்றிய இடங்களில் இதே போல் மங்காத கருநீலத் திட்டுகள் நிற்பதைப் படத்தில் காட்டியிருந்தேன். காட்டியபோது அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது தானாகவே எழுந்து வந்து அந்தப் படத்தைக் கேட்டார். அவர் இறுதியில் தைத்தது, சட்டையின் முன்பாகத்தைக் காடாவில் விரித்துப் பையின் இடத்தைச் சுற்றி ஒரே ஒரு வரிப் பின்தையல். பஞ்சைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்து மூடிவிட்டார்.

துணி இல்லாதவர்

திருச்சியிலிருந்து வந்த பெண்மணி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990இல், போர் மறுபடி மூண்ட ஆண்டில், மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு உள்மாவட்டம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். அகதி முகாம்கள் என்று அழைக்கப்பட்டவை தமிழ்நாட்டில் 2021 முதல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டிருக்கின்றன. அவர் அதற்கு முன்பே வெளியே வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். குடும்பத்தில் ஒருவர் உடுத்திய துணியைக் கொண்டுவரச் சொன்ன எங்கள் கடிதத்தை வாசித்து, அவர் கொண்டுவந்தது கடையில் வாங்கிய இரண்டு கெஜம் புது வெள்ளைத் துணி.

முதல் மாலை சிலிப் படங்களின்போது அவர் வெளியே போனதற்கு, அவர் உறவில் ஒருவர் இன்றுவரை திரும்பாதது காரணம் என்பதை இரண்டாம் நாள் என் தோழியிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் அந்தப் படங்களைக் காட்டியிருக்கக் கூடாது. குடும்பக் கதை என்ற சொல்லை, பாட்டியின் பலகாரமும் தாத்தாவின் கைத்தடியும் என்ற அளவில் மட்டும் யோசித்துவைத்திருந்தேன். அத்தகைய நேரத்தில் உடனிருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை நாங்கள் அழைத்திருக்கவும் இல்லை. அவர் அன்றே ஊர் திரும்பியிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும்.

அவர் திரும்பவில்லை. வெள்ளைத் துணியை மேசையில் விரித்து, பென்சிலால் வீட்டின் கிடை வரைபடத்தைப் போட்டார். அறைகள், முற்றம், கிடுகு வேலி, படலை என்று அவர்கள் சொல்லும் வேலிக்கதவு, கிணற்றடி. அளவுக்கு அடி கணக்கில்லை, கால்தான்: குசினியிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று கண்ணை மூடி எண்ணி, ஓர் எட்டுக்கு ஒரு தையல் என்று ஓட்டினார். "எங்கட கிணத்தடியில ஒரு தோடை மரம் நிண்டது. அதச் சுத்தித்தான் போக வேணும்" என்று சொல்லி, நேராக ஓடிய தையலைப் பிரித்து வளைத்துத் தைத்தார். மரத்தை அவர் தைக்கவில்லை. வளைவு மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால்தான் தைத்தார். சாய்ந்த வெயில் படும்போது மட்டுமே வீடு தெரிந்தது.

புதுத்துணிக்கு நம் பக்கத்தில் கோடி என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடிதான், இழவுக்கும் கோடிதான். உடுத்திய துணியில்தான் கதை தங்கியிருக்கும் என்ற எங்கள் முழு எண்ணத்துக்கும் மாறாக, யாரும் தொடாத துணியில் முகாமின் மிகத் துல்லியமான வீடு தைக்கப்பட்டது. நினைவுப்பொருள் மிஞ்சிய குடும்பங்களின் வசதியை நாங்கள் பொதுவிதி என்று எண்ணிவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்ன மிஞ்சியது

நான்காம் நாள் மாலை வரை வேலையை முடித்தவர்கள் மூன்று பேர். மின்விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நூலுக்கும் கருநீல நூலுக்கும் வேறுபாடு தெரியாததால், மாலை ஐந்தரைக்கு மேல் ஊசியை எடுக்க விடவில்லை. தை மாதத்து மலைக் குளிரில் விரலும் விறைத்துவிடும். கண்காட்சி போலச் சுவரில் மாட்டும் எண்ணத்தைக் கைவிட்டோம். சிலர் தங்கள் துணியை மற்றவர்களுக்குக் காட்ட விரும்பவில்லை, அவர்களைக் காரணம் கேட்கவும் இல்லை. முதுகுவலி எல்லாருக்கும் இருந்தது. சாய்வில்லாத பலகைகளைக் கொடுத்திருந்தது அறிவில்லாத சிக்கனம்.

மன அமைதி கிடைத்ததா என்று கடைசி நாள் தாளில் ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஆறு பேர் கிடைத்தது என்று எழுதியிருந்தார்கள். மரியாதைக்காகச் சொல்லும் பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஆறை நான் எங்கும் பயன்படுத்தப்போவதில்லை. மைசூரிலிருந்து வந்திருந்த பெண் மட்டும், "அமைதி இல்லை, ஆனால் அத்தையிடம் பேசவேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அழைப்புக் கடிதத்தை மாற்றி எழுதியிருக்கிறோம். எந்தத் துணி என்பதற்கு முன்பாக, அந்தத் துணியை வேறு யார் நினைவு வைத்திருக்கிறார்கள், அவரிடம் அதைப் பற்றிப் பேசினீர்களா என்று கேட்கிறோம். துணி எதுவும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வரலாம் என்பதை முதல் வரியிலேயே சொல்கிறோம். வெட்டும் நாள் என்று ஒன்று நேரப் பட்டியலில் இல்லை. கத்தரிக்கோல்கள் இரண்டும் சமையலறை அலமாரியில் இருக்கும், வேண்டியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டப்போகும் படங்கள் எவற்றைப் பற்றியவை என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறோம்.

சிவகங்கைக்காரரின் அக்கா, மாசி மாதம் தங்கை வீட்டுக்கு வந்து புடவையைப் பிரித்துப் பார்த்து, மடிப்பை மாற்றி வைத்துவிட்டுப் போனாராம். வெட்டலாமா கூடாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. திருச்சிப் பெண்மணி பங்குனியில் என் தோழிக்கு எழுதியிருந்தார்: வீடு துணிக்குள் அடங்கவில்லை, இன்னும் ஒரு கெஜம் வெள்ளைத் துணி ஒட்டுப்போட வேண்டும், இணைப்பு தெரியாமல் எப்படித் தைப்பது என்று கேட்டு. படலைக்கு வெளியே இருந்த ஒழுங்கையும், அந்தச் சிறு சந்தும், அதில் வர வேண்டுமாம்.